பாவாயிக்கு முகம் வரைந்தவருக்கு

நேற்றுக் காலை தலைக்கு டை அடிக்க உட்கார்ந்தேன். இரண்டு ட்யூபையும் கிண்ணத்தில் பிழிந்து பிரஷ்ஷால் கலக்கியதுதான் தாமதம், குப்பென்று மூக்கில் ஏறியது அந்த நெடி. அம்மோனியா. கண்ணில் தண்ணீர் கோத்துக்கொண்டது. நெடியால்தான். நீங்கள் உடனே பெருமைப்பட்டுக்கொள்ள வேண்டாம்.

ஆனால் நீங்கள் வந்து நின்றது உண்மை. பம்புசெட் கம்பெனியின் ட்ராயிங் ஆபீசில், வரைபடங்களை அம்மோனியா ஆவியில் நகல் எடுக்கிற மிஷினுக்குப் பக்கத்து மேசையில் நாளெல்லாம் குனிந்து, மோட்டார்ப் படங்களை மெல்லிய தாளில் மையால் பிரதி எடுத்து ட்ரேசிங் போட்டவர் நீங்கள். உங்கள் சேலையில் அந்த வாடை, கைப்பையில் அந்த வாடை, ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்கென்று வாங்கி வைக்கும் தேங்காய் பன்னில்கூட அந்த வாடை. டவுன் பஸ்ஸில் நீங்கள் ஏறினால் பக்கத்து சீட்டுக்காரர் முகத்தைத் திருப்பிக்கொள்வார். நீங்கள் சிரித்துக்கொண்டே ஜன்னலைத் தூக்கிவிடுவீர்கள்.

எனக்கு இப்போது தலை முழுக்க வெள்ளை. நீங்களோ ஒரு நரைகூட எட்டிப்பார்க்காமல், கருகருவென்ற பின்னலோடு போய்ச் சேர்ந்தீர்கள். இதற்கும் எனக்கு வயிறு எரிகிறது. இத்தனை வருடப் பழக்கம், லேசில் விடுமா?

இந்த வயதில் டை எதற்கு என்பீர்கள். நாளை என்னைப் போட்டோ எடுக்க வருகிறார்கள். சரவணம்பட்டியில் கம்ப்யூட்டர் வேலையை விட்டுவிட்டுக் குழந்தைகளுக்குப் புத்தகம் போட ஆரம்பித்திருக்கும் ஒரு தம்பி, நம் பாவாயி கதைகள் எட்டையும் சேர்த்து ஒரே புத்தகமாகக் கொண்டுவரப் போகிறார். பெருந்துறையில் பள்ளிக்கூடம் போன காலத்தில் படித்தாராம். பதினொரு வயதுப் பெண் ஒருத்தி, தோட்டத்து மோட்டாரில் செய்த விண்கலத்தில் கிரகம் கிரகமாகப் போய் வந்த கதையை அவரால் மறக்கவே முடியவில்லையாம். கேட்கக் குளிர்ச்சியாகத்தான் இருந்தது.

அதன் பிறகு அவர் சொன்னதுதான் விஷயம். பழைய படங்கள் வேண்டாமாம். கம்ப்யூட்டரில் புதிதாகக் கலர்ப் படங்கள் போட ஆள் வைத்திருக்கிறாராம். மாதிரிக்கு நாலு படம் அனுப்பியிருந்தார். கடிதத்தில் ஒரு வரி: "இருட்டுக் கிரகம் கதையோட கடைசியில அந்தக் கை வர்ற இடம் ஒண்ணே போதுங்க மேடம், உங்க எழுத்தே படமா நிக்குது, இதுக்குப் பழைய படம் தேவையே இல்லைங்க." நான் சரி என்று சொன்னால் போதும். உங்கள் படம் இல்லாத பாவாயி. என் எழுத்து மட்டும்.

இந்த ஒரு வரிக்காக நான் எத்தனை வருடம் ஏங்கியிருக்கிறேன் என்று உங்களுக்குத் தெரியும். உங்களுக்கு மட்டும்தான் தெரியும்.

நாம் சந்தித்த நாளிலிருந்தே இந்த எரிச்சல் ஆரம்பித்துவிட்டது. தொண்ணூறுகளின் தொடக்கம். உக்கடம் பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில் கோபாலண்ணனின் பிரஸ். கல்யாணப் பத்திரிகை அடிப்பதுதான் அவருக்குப் பிழைப்பு. ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் கிடையாது, மிஷின் சும்மா கிடக்கும். சும்மா கிடக்கிற மிஷினைப் பார்த்தால் அவருக்குத் தூக்கம் வராது. அதனால் அந்த இரண்டு மாதத்தில் மட்டும் குழந்தைப் புத்தகம் போடலாம் என்று அவருக்கு ஒரு யோசனை. நான் பீளமேட்டுப் பக்கம் ஒரு பள்ளியில் அறிவியல் டீச்சர், வாரப் பத்திரிகைகளில் இரண்டு மூன்று கதை வந்திருந்தது. என்னைக் கூப்பிட்டுக் கேட்டார். நானும் தலைகால் புரியாமல் ஒரு வாரத்தில் எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

நீங்கள் அன்றைக்குக் கம்பெனியின் விளம்பரத் தாளுக்கான மோட்டார் படங்களைச் சரிபார்க்க வந்திருந்தீர்கள். கோபாலண்ணன் என் கதையை உங்கள் கையில் கொடுத்து, இதற்குப் படம் போட முடியுமா பாருங்கள் என்றார். நீங்கள் நின்றுகொண்டே ஒரு பக்கம் படித்தீர்கள். வெள்ளி நிறத்தில் பளபளவென்று ஒரு ராக்கெட் பறக்கிறது என்று நான் எழுதியிருந்தேன். நிமிர்ந்து என்னைப் பார்த்துக் கேட்டீர்கள்.

"இது எதுல ஓடுதுங்க டீச்சர்? கரண்ட்டுங்களா, டீசலுங்களா?"

"ராக்கெட்டுங்க. ஆகாசத்துல போகும்."

"போகட்டும்ங்க. எதுல போகுதுன்னு தெரிஞ்சாத்தானுங்களே வரைய முடியும்."

என் மூக்கு அங்கேயே உடைந்தது. பி.எஸ்ஸி., பி.எட். படித்த அறிவியல் டீச்சர் நான். நீங்கள் பத்தாவது முடித்து ட்ரேசர் வேலைக்குப் போனவர். என் ராக்கெட்டுக்கு எஞ்சின் இல்லை என்பதை நீங்கள் ஒரு பக்கத்தில் கண்டுபிடித்துவிட்டீர்கள். சுற்றி நின்ற பிரஸ் ஆட்கள் வேறு சிரித்தார்கள்.

அடுத்த ஞாயிறு சிங்காநல்லூரில் உங்கள் லைன் வீட்டில் நீங்கள் போட்டிருந்த படத்தைப் பார்த்தேன். ஒரு போர்வெல் மோட்டாரை நெட்டுக்குத்தாக வெட்டி உள்ளே என்ன இருக்கிறது என்று காட்டுகிற மாதிரி வரைந்திருந்தீர்கள். மேலே பாவாயி உட்காரும் அறை, கீழே அடுக்கடுக்காகத் தண்ணீரைத் தள்ளும் இம்பெல்லர் சக்கரங்கள், அடியில் மோட்டார். ஒவ்வொரு போல்ட்டும் அதனதன் இடத்தில் இருந்தது. நான் வெள்ளி ராக்கெட்டை அடித்துவிட்டு, பாவாயியின் கலம் தோட்டத்து மோட்டார் என்று மாற்றி எழுதினேன். கதை நன்றாகிவிட்டது. அதுவேதான் எரிச்சல்.

பாவாயியின் முகமும் அப்படித்தான். என் மனதில் இருந்த பாவாயி கொஞ்சம் எத்துப்பல்லும் இரட்டைச் சடையுமாக, பள்ளிக்கூடத்தில் நான் இருந்த மாதிரியே இருப்பாள். நீங்கள் வரைந்தவள் அடர்ந்த புருவமும் ஒற்றைப் பின்னலும் முழங்காலில் தழும்புமாக, பாவாடையை இடுப்பில் தூக்கிச் செருகிக்கொண்டு நின்றாள். ஒரு நொடிதான் பார்த்தேன். அதற்கப்புறம் என் பாவாயி எப்படி இருந்தாள் என்று எனக்கே நினைவுக்கு வரவில்லை.

நம் வேலை நடந்த விதத்தை இன்றைக்கு யாரிடமாவது சொன்னால் சிரிப்பார்கள். ஞாயிறு பத்து மணிக்கு நான் வருவேன். டீ போடுவீர்கள். நான் அத்தியாயத்தை வாய்விட்டு வாசிப்பேன். நீங்கள் பேனாவைத் தொடக்கூட மாட்டீர்கள். காகிதத்தைப் பிடித்திருக்கும் என் கையையே பார்த்துக்கொண்டிருப்பீர்கள். சின்ன வயதில் கதவிடுக்கில் சிக்கி என் வலது ஆள்காட்டி விரல் முதல் கணுவில் கோணிப்போனது உங்களுக்குத் தெரியும். என் மாணவிகள் பின்னால் என்னைக் கோணவிரல் டீச்சர் என்பார்கள். நீங்களும் என் கதையைக் கேட்காமல் கோணல் விரலை வேடிக்கை பார்க்கிறீர்கள் என்று உள்ளுக்குள் கடுகடுத்துக்கொண்டே வாசிப்பேன். ஒருநாள் கேட்டும்விட்டேன், கேக்கறீங்களா இல்லைங்களா என்று. "கேட்டுட்டேதானுங்க இருக்கேன்" என்றீர்கள், கண்ணை எடுக்காமல். நம் ஊரில் கோபத்துக்கும் ஒரு 'ங்க' போட்டுவிடுகிறோம். அதனால்தான் நாம் ஒருநாளும் சண்டையே போடவில்லை என்று மற்றவர்கள் நம்பினார்கள்.

முதல் புத்தகம் ஆடியில் வந்தது, குங்குமச் சிவப்பில். பிரஸ்ஸில் மிச்சமிருந்தது அந்த மைதான். கல்யாணப் பத்திரிகைக்காரரிடம் சிவப்பு, பச்சை, தங்க நிறம் எல்லாம் டப்பா டப்பாவாக இருக்கும். கருப்பு பேருக்கு ஒன்றிரண்டு டப்பாதான். சுப காரியத்துக்குக் கருப்பில் யார் அடிப்பார்கள்? கருமாதிக் கார்டுக்கு மட்டும் எடுத்து, அதையும் பெரிய மிஷினுக்குக் கொண்டுபோகாமல், காலால் மிதித்து ஓட்டும் சின்ன ட்ரெடிலில் அடித்து ஒதுக்கி வைப்பார் கோபாலண்ணன். இப்படியாகப் பாவாயி முதல் ஐந்து புத்தகமும் சிவப்பில் போனாள், பச்சையில் போனாள், ஒரு தடவை தங்க நிறத்தில்கூடப் போனாள். பிள்ளைகளுக்கு அதில் ஒரே குஷி.

பிள்ளைகளின் கடிதங்கள் பிரஸ் விலாசத்துக்கு வந்தன. கோபாலண்ணன் உங்களுக்கு ஒரு கட்டு, எனக்கு ஒரு கட்டு என்று பிரித்து ரப்பர் பேண்ட் போட்டு வைப்பார். உங்கள் கட்டு செங்கல் கனத்துக்கு இருக்கும். என் கட்டில் பாதி, எழுத்துப்பிழையைச் சுட்டிக்காட்டும் பெரியவர்கள். உங்கள் கட்டை நீங்கள் என் முன்னால் பிரிக்காமல் பைக்குள் போட்டுக்கொள்வீர்கள். அந்த இங்கிதம் எனக்கு இன்னும் எரிந்தது. பிரித்துப் படித்துப் பீற்றிக்கொண்டிருந்தாலாவது உங்களை நாலு பேரிடம் திட்டியிருக்கலாம்.

எல்லாவற்றுக்கும் மேல் என் வகுப்பிலேயே ஒன்று நடந்தது. ஏழாம் வகுப்பு, முதல் பெஞ்சில் உட்காரும் ஒருத்தி, தன் நோட்டு அட்டை முழுக்கப் பாவாயியின் மோட்டாரைப் பார்த்து வரைந்து வைத்திருந்தாள். இடைவேளையில் என்னிடம் வந்து, இந்தப் படம் போட்ட அக்கா எந்த ஊர், பார்க்க முடியுமா என்றாள். கதை யார் எழுதியது தெரியுமா என்று நானே வாய்விட்டுக் கேட்டேன். வெட்கம் கெட்டுப்போய்த்தான் கேட்டேன்.

"தெரியுங்க டீச்சர், நீங்கதான். அந்த அக்கா எந்த ஊருங்க?"

அன்றைக்குத்தான் முடிவு செய்தேன். இந்த அம்மணிக்கு வரைய ஒன்றுமே இல்லாத கதை ஒன்று எழுதுகிறேன் பார் என்று.

பொறாமைதான். அதற்கு வேறு நல்ல பெயர் எதுவும் நான் தேடவில்லை. ராப்பகலாக யோசித்து இருட்டுக் கிரகத்தைக் கண்டுபிடித்தேன். அந்தக் கிரகத்தில் வெளிச்சம் என்பதே கிடையாது. விளக்கு கொண்டுபோனாலும் எரியாது, தீக்குச்சி பற்றாது. பாவாயியின் மோட்டார் அங்கே இறங்கிப் பழுதாகிறது. தெறித்து விழுந்த ஒரு போல்ட்டைத் தேடி அவள் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை கும்மிருட்டில் தடவித் தடவி நடக்கிறாள். ஐந்து நீளமான குன்றுகள் வருகின்றன, ஒரு வழுவழுப்பான பாறை வருகிறது, தண்ணீர் இல்லாத வாய்க்கால்கள் குறுக்கும் நெடுக்கும் ஓடுகின்றன. கடைசியில் போல்ட் கிடைத்துவிடும், ஊருக்குத் திரும்பிவிடுவாள். அவ்வளவுதான் கதை. ஒரு படம்கூடப் போட முடியாது. வரைந்து பாருங்கள், எதை வரைவீர்கள்?

ஞாயிறு வந்து உங்கள் வீட்டில் உட்கார்ந்து ஒரு சொல் விடாமல் நிதானமாக வாசித்தேன். எனக்கே என் குரலில் ஒரு குதூகலம் தெரிந்தது. பாதியில் நீங்கள் என் கையிலிருந்து கண்ணை எடுத்து என் முகத்தைப் பார்த்தீர்கள். புரிந்துவிட்டது உங்களுக்கு. முடித்ததும் கேட்டீர்கள்.

"மொத்தமும் இருட்டுங்களா?"

"மொத்தமும்ங்க."

"சரிங்க" என்று சொல்லி டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனீர்கள். பஸ்ஸில் வீடு திரும்பும்போது நான் பாட்டே முணுமுணுத்தேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

மூன்று ஞாயிறு வரவேண்டாம் என்று சொல்லி அனுப்பினீர்கள். நாலாவது ஞாயிறு பிரஸ்ஸுக்கே வரச் சொன்னீர்கள். மேசையில் பதினாறு தாள்கள். எல்லாம் முழுக் கருப்பு. அதில் வெள்ளைக் கோடுகள். ட்ரேசிங்கில் மை தப்பாக விழுந்தால் பிளேடு முனையால் சுரண்டி அழிப்பீர்களே, அதே சுரண்டலால் வரைந்திருந்தீர்கள். அழிக்கிற வேலையை வரைகிற வேலையாக்கிவிட்டீர்கள். பாவாயி எங்கேயும் இல்லை. அவள் விரல் தொட்ட இடம் மட்டும், தொட்ட அளவுக்கு மட்டும் தெரிந்தது. ஒரு பக்கத்தில் குன்றின் சரிவில் ஒரு சாண். அடுத்த பக்கத்தில் வாய்க்காலின் கரை. அப்புறம் பாறையின் விளிம்பு.

கடைசிப் படத்தில், அதுவரை அவள் தொட்டதையெல்லாம் ஒன்றாகச் சேர்த்து இரண்டு பக்கத்துக்கு விரித்துப் போட்டிருந்தீர்கள். ஐந்து குன்றும் ஐந்து விரல். வழுவழுப்பான பாறை ஒரு நகம். வாய்க்கால்கள் உள்ளங்கை ரேகைகள். பாவாயி மோட்டாரோடு விழுந்து, நாளெல்லாம் நடந்து திரிந்தது ஒரு பிரம்மாண்டமான கையில். யாரோ அவளை விழாமல் ஏந்திக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

நான் எழுதியதில் கை இல்லை. சத்தியமாக இல்லை. குன்று என்றால் எனக்குக் குன்றுதான், வாய்க்கால் என்றால் வாய்க்கால்தான். பக்கத்தை நிரப்ப எழுதியவை. அதைக் கேட்டு அதற்குள் ஒரு கையை நீங்கள் பார்த்தீர்கள்.

நீங்கள் மெதுவாகச் சொன்னீர்கள். "நான் வரையக் கூடாதுன்னுதானுங்களே எழுதினீங்க."

அப்படியெல்லாம் இல்லைங்க என்று நான் ஏதோ உளறினேன். முகம் சுட்டது.

"இருக்கட்டும்ங்க டீச்சர். அடுத்த கதைய இன்னும் சிரமமா எழுதுங்க."

கோபாலண்ணன் வந்து தாள்களைப் பார்த்துவிட்டுத் தலையில் கைவைத்தார். கல்யாணப் பத்திரிகை அடிக்கிற மிஷினில் முழுக் கருப்பா, அம்மணிகளா, என் பொழப்பு என்னத்துக்காகும் என்று புலம்பினார். மார்கழிதானுங்களே அண்ணா, தை பிறக்கறதுக்குள்ள கழுவிப்போடலாம்ங்க என்று நீங்கள் அவரைக் கரைத்தீர்கள். அவர் சாமி படத்துக்கு முன்னால் சூடம் கொளுத்திவிட்டு மிஷினை ஓட்டினார்.

கோபாலண்ணன் கல்யாணப் பத்திரிகைக்கு ஓட்டிப் பழகிய சிவப்பு மை வேறு, இந்தக் கருப்பு வேறு. மார்கழிப் பனியில் மை காயவே இல்லை. கொட்டகை முழுக்கக் கொடி கட்டி, கருப்புத் தாள்களைத் துணி காயப்போடுவது மாதிரி தொங்கவிட்டார்கள். அப்படியும் பாதி ஈரத்தில்தான் புத்தகம் தைக்கப்பட்டது. படித்த பிள்ளைகளின் விரலெல்லாம் கருப்பு. அந்த விரல் பட்ட யூனிஃபார்ம், சுவர், சோற்றுத்தட்டு எல்லாம் கருப்பு. எங்கள் தலைமையாசிரியை என்னைக் கூப்பிட்டு ஒரு பாட்டம் திட்டினார். பிள்ளைகளோ அது வேண்டுமென்றே செய்த விளையாட்டு என்று நினைத்துக்கொண்டு, பாவாயி மாதிரி கண்ணை மூடிச் சுவரைத் தடவித் தடவி வீடெல்லாம் நடந்தார்கள். ரோலரை எத்தனை கழுவியும் கருப்பு போகவில்லை. தை மாதம் முதலில் அடித்த கல்யாணப் பத்திரிகையில் மஞ்சள் ஓரமெல்லாம் சாம்பல் பூத்து, பொண்ணு வீட்டார் கட்டோடு கொண்டுவந்து திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். கோபாலண்ணன் ஒரு மாதம் நம்மோடு பேசவில்லை. அப்புறம் அவரே, கல்யாண வேலையை நிறுத்திவிட்டு அந்தப் புத்தகத்தை இரண்டாம் தடவை அடித்தார். அத்தனை பேர் கேட்டு வந்தார்கள்.

இப்போது நான் சொல்ல வந்ததைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் படங்களைப் பார்த்த அன்றைக்கே, நீங்கள் பஸ் ஏறிப் போன பிறகு, பிரஸ்ஸில் உட்கார்ந்து என் கடைசிப் பக்கத்தைக் கிழித்துவிட்டு மாற்றி எழுதினேன். 'அது மலை இல்லை. அவளை ஏந்தி நின்ற கை.' எல்லோரும் சொல்லிச் சொல்லி மாய்கிற வரி அது. புத்தகம் வந்ததும் நீங்கள் அந்தப் பக்கத்தை வெகுநேரம் படித்தீர்கள். "நல்லா எழுதியிருக்கீங்க டீச்சர்" என்றீர்கள். குத்தலாகச் சொன்னீர்களா, மனசாரச் சொன்னீர்களா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. இந்த முடிவு எப்படித் தோன்றியது என்று கேட்டவர்களிடமெல்லாம், அதுவாக வந்தது என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். அந்தக் கதையைப் பாடத்தில் சேர்ப்பது பற்றிப் பேசியபோது பாடப் புத்தகக் குழுவில் கேட்டார்கள், அங்கேயும் அதையேதான் சொன்னேன்.

அதற்குப் பிறகு இரண்டு புத்தகம். நீங்கள் கேட்ட மாதிரியே சிரமமாக எழுதினேன், நீங்களும் சளைக்கவில்லை. ஒன்பதாவதுக்கு ஆடி வரவேண்டும். வைகாசியில் உங்களுக்குக் காமாலை. மூன்றே வாரம். ஆஸ்பத்திரியில் உங்கள் கண் மஞ்சளாக இருந்தது, பின்னல் மட்டும் அப்படியே கருப்பு. கதை எழுதியாச்சுங்களா என்று கேட்டீர்கள். இல்லைங்க, எந்திரிச்சு வாங்க, அப்புறம் எழுதறேன் என்றேன். நீங்கள் எழுந்து வரவில்லை. பதினாறாம் நாள் காரியம் முடிந்து உங்கள் அண்ணன் ஒரு ட்ராயிங் குழாயைக் கொண்டுவந்து கொடுத்தார். டீச்சருக்குக் குடுத்துருன்னு சொல்லிச்சுங்க என்றார். எட்டுப் புத்தகத்தின் மூலப் படங்களும் அதில் இருப்பதாகச் சொன்னார். வாங்கி பீரோவுக்கு மேலே போட்டேன். திறக்கவில்லை. எதற்குத் திறக்க வேண்டும்? பார்த்து எரியவா?

அதன் பிறகு நான் ஒரு வரியும் எழுதவில்லை. பள்ளி வேலை, வீட்டு வேலை, உடம்பு சரியில்லை என்று கேட்டவர்களுக்கெல்லாம் ஒரு காரணம் சொன்னேன். பெரிய பெரிய எழுத்தாளர்கள் விருது வாங்கினார்கள், என்னோடு படித்தவள் அமெரிக்காவில் வீடு வாங்கினாள், யார் மீதும் எனக்குத் துளிப் பொறாமையும் வரவில்லை. நல்லவளாகிவிட்டேன் போல என்று நினைத்துக்கொண்டேன்.

நேற்று, தலையில் பாதி டையோடு, அந்த மாதிரிப் படங்களை எடுத்துப் பார்த்தேன். அம்மோனியா நெடி மூக்கில் இருக்கும்போது பார்த்திருக்கக் கூடாது. இருட்டுக் கிரகம் நீல வெளிச்சத்தில் தகதகவென்று மின்னுகிறது. பாவாயி கையில் ஒரு டார்ச். பக்கத்துக்குப் பக்கம் அவள் முகம் பளிச்சென்று தெரிகிறது. எனக்கு வந்தது பாருங்கள் ஒரு கோபம். நான் உங்களை வரையவிடாமல் தடுக்கக் கட்டிய இருட்டு அது. அதில் எவனோ ஒருத்தன் பட்டனைத் தட்டி லைட் போட்டுவிட்டுப் போகிறான்.

அந்தத் தம்பிக்குப் போன் போட்டேன். காதோரமிருந்த டை போனெல்லாம் ஒட்டியது. எடுத்த எடுப்பில் சொன்னேன்.

"தம்பி, அந்தக் கை என்னுது இல்லைங்க. படம் போட்டவங்களுது. அவங்க வரைஞ்சாங்க, நான் பார்த்து எழுதினேன்."

அவருக்குச் சட்டென்று புரியவில்லை. ஆதியிலிருந்து சொன்னேன், நான் ஏன் அந்தக் கதையை எழுதினேன் என்பது உட்பட.

"எனக்கு அது உங்க எழுத்துன்னேதானுங்க மேடம் ஞாபகம் இருந்துச்சு" என்றார். "அப்ப சின்ன வயசுல நான் கண்ண மூடிட்டு ஊட்டுச் செவுத்த தடவிட்டுத் திரிஞ்சதெல்லாம் அவங்க படத்தப் பார்த்துத்தானுங்களா?"

ஆமாங்க என்றேன். சொல்லும்போதே அடிவயிற்றில் பற்றிக்கொண்டது. ஏழாம் வகுப்புப் பெண் என் முன்னால் நோட்டை நீட்டியபோது பற்றிய அதே நெருப்பு. இத்தனை வருடம் எங்கே போயிருந்ததோ, சம்மணம் போட்டு உட்கார்ந்து எரிந்தது. பழைய படங்களே போட்டுக்கலாம்ங்க, மூலப் படம் எதுவும் கிடைக்குங்களா என்று கேட்டார். இருக்கும் என்றேன். பெயர் எப்படிப் போடுவது என்றார். இரண்டு பேரும் ஒரே அளவு எழுத்தில், ஆனால் முதலில் என் பெயர்தான் என்றேன். அதை விட்டுக்கொடுக்க முடியாது. கடைசிப் பக்கத்தில் மட்டும், இந்த முடிவு படம் வரைந்தவருடையது என்று ஒரு வரி.

ஸ்டூல் போட்டு ஏறி, பீரோ மேலிருந்து உங்கள் குழாயை இறக்கினேன். மூடியைத் திருகினால் அதற்குள்ளும் அந்த வாடை. இருட்டுக் கிரகத்தின் கடைசித் தாளை ஜன்னலுக்குப் பக்கத்தில் தரையில் விரித்தேன். கோபாலண்ணனின் மிஷின் கருப்பை அப்பி அப்பி அடித்ததில் புத்தகத்தில் மெல்லிய கோடுகள் எல்லாம் அடைந்துபோயிருந்தன. மூலத்தில் எல்லாம் இருக்கிறது; அன்றைக்குப் பிரஸ்ஸில் இதே தாளைப் பார்த்தும், எரிச்சலில் எதுவும் என் கண்ணில் படவில்லை. நகத்தில் சாக்பீஸ் தூள் மாதிரிப் புள்ளிகள். அது ஒரு வலது கை. ஆள்காட்டி விரல் முதல் கணுவில் கோணியிருக்கிறது.

தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். டை காய்ந்து தலை அரிக்க ஆரம்பித்தது, எழுந்து போய்க் கழுவக்கூடத் தோன்றவில்லை. ஞாயிறு ஞாயிறாக என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். நான் உங்களை இருட்டில் தள்ள எழுதிய கதையைக் கேட்டுவிட்டு, பாவாயியைக் கொண்டுபோய் என் கையில் வைத்திருக்கிறீர்கள். இதை ஒரு வார்த்தை சொன்னீர்களா? சொல்லியிருந்தால் நான் என்ன ஆகியிருப்பேன்? உங்கள் கடிதக் கட்டைப் பைக்குள் போட்டுக்கொண்ட மாதிரியே இதையும் போட்டுக்கொண்டு போய்விட்டீர்கள். என் மீது உங்களுக்கு ஒரு நாளும், ஒரு பொட்டுகூடப் பொறாமை வரவில்லையே, அதை நினைத்தால்தான் எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது.

அழுதேன். இதற்கு நெடி காரணமில்லை.

நல்லவளாகிவிட்டேன் என்று நினைத்ததெல்லாம் பொய். உங்களோடு சேர்ந்து என் பொறாமையும் போயிருந்தது, எழுத்தும் போயிருந்தது. இப்போது அந்த எரிச்சல் திரும்ப வந்திருக்கிறது. அதை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. இன்றைக்குக் காலையில் டீ போட்டுக் குடித்துவிட்டு, பழைய பரீட்சைத் தாள் ஒன்றின் பின்பக்கத்தில் எழுத ஆரம்பித்தேன். நகக்கண்ணெல்லாம் இன்னும் கருப்பு, தாளில் அங்கங்கே விரல் பட்டுக் கறையாகிவிட்டது. ஒன்பதாவது கதை. பாவாயி இந்தத் தடவை போகிற கிரகத்தில் எதற்கும் உருவம் கிடையாது. தொட்டாலும் தெரியாது. அங்கே இருப்பதெல்லாம், போய்விட்டவர்களின் வாசனை மட்டும்.

இதைவிடச் சிரமமாக எனக்கு எழுதத் தெரியாதுங்க. எங்கே, வரைங்க பாக்கலாம்.